ஐந்நூறாவது தொடர்பு

உப்பு விளையக் கடல் நீர், வெயில், காற்று ஆகியவற்றோடு ஐந்நூறு தொடர்புகளும் வேண்டும் என்பதைச் சென்ற மார்ச் மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

மரக்காணத்தில் வெண்துளி சால்ட்ஸ் என்ற நிறுவனத்தில் நான் லேப் கெமிஸ்ட். பி.எஸ்சி. வேதியியல். பாத்திகளில் நிற்கும் நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் அளந்து, எந்தப் பாத்தி எப்போது உப்பு வாருவதற்குத் தயார் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. மார்ச்சில் நிறுவனத்தைச் சென்னைக்காரர்கள் வாங்கினார்கள். மறு வாரம் சுற்றறிக்கை வந்தது. நிறுவனத்தின் மதிப்பு உப்பில் இல்லை, ஊழியர்களின் உறவுகளில் இருக்கிறது. ஆகவே எல்லோரும் ‘தொழிலுறவு’ என்ற இணையதளத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் அலுவலகத்தினர் ஐந்நூறு பேரோடும், பாத்தித் தொழிலாளர்கள் ஐம்பது பேரோடும் இணைந்திருக்க வேண்டும். வந்த அழைப்பு ஒன்றுகூட நிலுவையில் இருக்கக் கூடாது. தவறுபவர்கள் ‘தனித்த வளம்’ என்று வகைப்படுத்தப்படுவார்கள். தனித்த வளங்களின் ஒப்பந்தம் மே மாதம் புதுப்பிக்கப்படாது.

மேலாளர் சிவப்பிரகாசம் அதை இரண்டு முறை படித்தார்.

“ஏம்பா ஆண்ட்ரூஸ், உப்பு எவ்ளோ எடுக்கணும்னு எங்கனா போட்டிருக்குதா?”

“இல்ல சார்.”

“நல்லதாப் போச்சு. அதுல நாம கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கோம்.”

அன்று மாலை என் பழைய கணக்கைத் திறந்தேன். கல்லூரி முடித்த வருடம் தொடங்கியது. முப்பத்தெட்டுத் தொடர்புகள் இருந்தன. நிலுவையில் ஓர் அழைப்பு. அனுப்பியவர் ஆஷ்லின். என் மனைவி. சென்ற ஜூனில் இறந்துவிட்டாள். காய்ச்சல், ஐந்து நாள்.

அவள் ஆரோவில்லில் ஓர் ஊதுபத்தி யூனிட்டில் அலுவலக வேலை பார்த்தாள். லேபுக்குள் போன் கூடாது என்பதால் நான் லாக்கரில் வைத்துவிடுவேன். கணினி முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு ஒருநாள் மதியம் இந்த அழைப்பை அனுப்பியிருந்தாள்.

“பாத்தியா?” என்று அன்று இரவு கேட்டாள்.

“பாத்தேன்.”

“அப்புறம்?”

“ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு அதுல வேற எதுக்கு?”

“போடா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அழைப்போடு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தாள். அழைப்பை ஏற்றால்தான் குறிப்பு திறக்கும். அது அந்தத் தளத்தின் விதி. அவள் இருந்தபோது நான் ஏற்கவில்லை. இறந்த பிறகும் ஏற்கவில்லை. ஏற்றுவிட்டால் அவளிடமிருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. ‘ஆஷ்லின் உங்கள் பதிலுக்காகப் பதின்மூன்று மாதமாகக் காத்திருக்கிறார்’ என்று தளம் நினைவூட்டியது. கணினியை அணைத்தேன்.

மறுநாள் சென்னையிலிருந்து கலையரசன் வந்தார். பதவி, தொடர்பு மேம்பாட்டு அலுவலர். அயோடின் கலக்கும் கூடத்தில் கூட்டம் போட்டார். அலுவலகத்தினர் நாற்காலியிலும், பாத்தித் தொழிலாளர்கள் சாக்கு விரித்துத் தரையிலும் உட்கார்ந்தோம்.

“எனக்கு இருபத்திரெண்டாயிரம் தொடர்புகள்” என்று ஆரம்பித்தார். “போன வருஷம் கால் உடைஞ்சு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். ஆயிரத்து நானூறு பேர் ‘விரைவில் குணமடையுங்கள்’ போட்டாங்க. ஒருத்தர்கூட நேர்ல வரல. ஏன்? ஏன்னா அவங்க எல்லாம் ப்ரொஃபஷனல்ஸ். என் டைம வேஸ்ட் பண்ண விரும்பல. நாலாவது நாள் தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. ஒத்தக் கால்ல குதிச்சுப் போய் நானே எடுத்துக் குடிச்சேன். அதையே ஒரு போஸ்ட்டாப் போட்டேன். தலைப்பு, தலைமைப் பண்பு. ஒன்பதாயிரம் பேர் பாத்தாங்க.”

எல்லோரும் கைதட்டினோம். அவர் கண் கலங்கியிருந்தது. பெருமையால் என்று எடுத்துக்கொண்டோம்.

கூட்டத்தை முடிக்க ஒரு முறை இருந்தது. பக்கத்திலிருப்பவரின் விரல்களோடு விரல் கோத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, “இணைந்திருப்போம், மீண்டும் சந்திப்போம்” என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் கூடத்தை விட்டுப் போகக் கூடாது. பாத்தியில் வேலை செய்கிறவர்களின் விரல்களில் உப்பு அரித்த வெடிப்பு இருக்கும். கோத்தால் எரியும். கோத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார்கள். சொல்லி முடித்தால்தான் கையை எடுக்கலாம்.

சுவரில் நான் ஒட்டியிருந்த நீர் அடர்த்திப் பட்டியலுக்குப் பக்கத்தில் கலையரசன் இன்னொரு பட்டியலை ஒட்டினார். ‘ஊழியர் தொடர்பு அடர்த்தி.’ கடைசியில் என் பெயர் இருந்தது. எனக்கு முன்னால் காவலாளி.

தொழிலாளர்களுக்குக் கணக்குத் தொடங்கித் தரும் வேலை எனக்கு வந்தது. முதலில் அமுதவல்லி அக்கா. இருபத்தாறு வருடமாக உப்பு வாரிக் கூடையில் சுமக்கிறவர். ‘பதவி’ என்ற இடத்தில் ‘உப்பு வாருதல்’ என்று எழுதினேன். கலையரசன் அதை அடித்துவிட்டு, ‘படிக அறுவடை மற்றும் தலைவழிச் சரக்குப் போக்குவரத்து நிபுணர்’ என்று திருத்தினார்.

நான் வாசித்துக் காட்டியதும் அக்கா யோசித்தார்.

“சம்பளம் ஏறுமா?”

“ஏறாதுக்கா.”

“அப்போ இத எம் புருசன்கிட்ட சொல்லாத தம்பி. ஏறின சம்பளம் எங்கடின்னு கேப்பான்.”

ஒரு மணி நேரத்தில் முதல் அழைப்பு வந்தது. நெதர்லாந்தில் ஒருவர். தன்னை வளர்ச்சி ஆலோசகர் என்று போட்டிருந்தார்.

“எத வளக்குறான்?” என்றார் அக்கா.

“போடல.”

“நம்ம வூட்டு நல்லது கெட்டதுக்கு வருவானா?”

“வர மாட்டாருக்கா.”

“பின்ன இன்னாத்துக்கு உள்ள வுடணும்? எல்லாத் தண்ணியையும் எல்லாப் பாத்தியிலயும் தெறந்து வுடுறோமா? நீதான டிகிரி பாத்துட்டு வுடுன்ற?”

பட்டியலில் என் பெயர் கடைசியில் இருந்ததால் நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

அக்கா விரல் விட்டு எண்ணினார். தன் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். இன்னும் ஏழு பேர் யோசித்தால் கிடைப்பார்கள் என்றார். அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவருக்கும் தளத்தில் கணக்கு இல்லை. கலையரசனிடம் போய்ச் சொன்னோம்.

“மேடம், இது ரொம்ப உணர்வுபூர்வமான டேட்டா” என்றார். “ஆனா வேலிட் இல்ல. வீட்டுக்கு வந்ததுக்கு உங்ககிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்குதா?”

நெதர்லாந்துக்காரர் உள்ளே விடப்பட்டார். அடுத்த வாரம் அக்காவின் மகள் போனை வாங்கிக்கொண்டு, ஒரே பகலில் மீதியையும் முடித்துக் கொடுத்தாள்.

எனக்கு அப்படி மகள் யாரும் இல்லை. நானே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தளம் ஒரு நாளைக்கு அறுபது பேரைக் காட்டும். ‘உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று சொல்லும். ஒருவரையும் தெரிந்திருக்கவில்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர் பதினேழு பேர். அவர்களில் ஒன்பது பேர் மற்ற எட்டுப் பேருக்குப் பயிற்சி தருகிறவர்கள். கடல் நீரிலிருந்து உப்பை நீக்கும் இயந்திரம் விற்பவர் ஒருவர். அவருக்கும் எனக்கும் நோக்கம் ஒன்றே என்று கலையரசன் விளக்கினார். ஏற்றேன்.

ஏப்ரல் முதல் வாரம் என் பக்கத்தைச் சரிபார்த்த கலையரசன் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்.

“போன ஜூன்ல பதினாறு நாள் லீவு இருக்குதே. ப்ரொஃபைல்ல காட்டலையே?”

“ஒய்ஃப் இறந்துட்டாங்க சார்.”

அவர் இரண்டு நொடி தலை குனிந்தார். மூன்றாவது நொடியில் நிமிர்ந்தார். “ஐ ஆம் சாரி. ஆனா கேப் இருக்கக் கூடாது. டிரான்ஸ்பரன்ஸி முக்கியம். அதுக்குன்னே ஒரு ஆப்ஷன் இருக்குது பாருங்க.”

இருந்தது. ‘தொழில் இடைவெளி’ என்ற தலைப்பின் கீழ் ‘துக்கம்’ என்று ஒரு வகை. தேர்வு செய்து, தேதி போட்டு, சேமித்தேன். தளம் அதை எல்லோருக்கும் அறிவித்தது. ‘ஆண்ட்ரூஸ் புதிய பொறுப்பில் சேர்ந்துள்ளார். பொறுப்பு: துக்கம். வாழ்த்துங்கள்!’

மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாழ்த்தினார்கள்.

‘தகுதியானவருக்குத் தகுதியான இடம்!’

‘நீண்ட நாள் உழைப்புக்குக் கிடைத்த பலன்.’

‘கலக்குங்க ப்ரோ. இன்னும் பல உயரங்கள் காத்திருக்கு.’

திண்டிவனத்திலிருந்து ஒரு பட்டதாரி தனியாக எழுதியிருந்தார். ‘சார், உங்க டீம்ல ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க. உடனே ஜாயின் பண்ணத் தயார்.’

அவருக்கு மட்டும் பதில் எழுதினேன். ‘தற்போது இல்லை.’

சென்ற ஜூனில் என் வீட்டுக்கு வந்தவர்களை நினைத்துக்கொண்டேன். தேவாலயப் பங்கிலிருந்து வந்தார்கள். பாத்தியிலிருந்து வேலை உடையோடு அப்படியே வந்தார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். அமுதவல்லி அக்கா என் முன்னால் ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டு, நான் குடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். துக்க வீட்டில் யாரும் “போய்ட்டு வர்றேன்” என்று சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு மறுபடி ஒரு சாவுக்கு வருவேன் என்று சொன்னதுபோல ஆகிவிடும். அதனால் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, முகத்தைப் பார்க்காமல் போவார்கள். ஒருவர் எழுந்து போனது இன்னொருவர் வந்து உட்காரும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாழ்த்தியவர்கள் எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும்படி கலையரசன் சொன்னார். என் அடர்த்தி முந்நூறைத் தொட்டது. பட்டியலில் காவலாளியைத் தாண்டினேன். காவலாளி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

முந்நூற்றுப் பதினோராவது ஆள்தான் பிரச்சினை. ஐதராபாத்தில் செயற்கை மழை நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவர். மேகத்தில் ரசாயனம் தூவி மழை வரவழைப்பவர். திங்கட்கிழமை காலை அவரை ஏற்றேன். புதன்கிழமை மாலை மழை பெய்தது.

கோடை மழைதான். முக்கால் மணி நேரம். பதினேழு பாத்திகளில் வாரத் தயாராக இருந்த உப்பு கரைந்து, மறுபடி தண்ணீராகிவிட்டது. வியாழக்கிழமை காலை லேப் வாசலில் முப்பது பேர் நின்றார்கள். காவலாளிதான் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

“மழை விக்கிறவன நீதான் உள்ள வுட்டியாமே?” என்றார் அமுதவல்லி அக்கா.

“அக்கா, அது வளிமண்டலச் சுழற்சி. அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“திங்கக்கெழம வுட்ட. பொதங்கெழம பேயுது. உப்பளத்துல இருந்துக்கிட்டு உறவு வைக்க ஊருல வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?”

நான் பட்டதாரி. ஆனாலும் தேதிகள் பொருந்தியே இருந்தன.

விசாரணை நடந்தது. சிவப்பிரகாசம் சார் தலைமை. கலையரசன் நிபுணர். நான் குற்றம் சாட்டப்பட்டவன்.

“எடுத்துடுப்பா அந்தாள” என்றார் சிவப்பிரகாசம். “வானம் தெளியட்டும்.”

கலையரசன் எழுந்துவிட்டார். “சார், உறவ முறிக்கிறதுங்கிறது என் அகராதியிலயே இல்ல. என் ஒய்ஃபே பிரிஞ்சு போய் மூணு வருஷம் ஆச்சு, இன்னும் தளத்துல கனெக்டட்தான். ஒவ்வொரு வருஷமும் வேலை ஆண்டு விழாவுக்கு வாழ்த்து போடுறேன். அதான் மெச்சூரிட்டி.”

“அவங்க பதில் போடுவாங்களா?” என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

“ம்யூட் பண்ணி வச்சிருக்காங்க” என்றார் கலையரசன். சொன்ன பிறகு அவருக்கே வழி தோன்றியது. “அதையே இங்கயும் பண்ணலாம். மழைக்காரர் இருப்பார். ஆனா சத்தம் கேக்காது.”

தீர்மானம் எழுதப்பட்டது. முப்பது பேர் முன்னிலையில் மழைக்காரரின் சத்தத்தை அணைத்தேன். வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. நடவடிக்கை வெற்றி என்று கலையரசன் சென்னைக்கு அறிக்கை அனுப்பினார். என்னைத் தொழிலாளர்கள் மன்னித்தார்கள்.

ஏப்ரல் இருபத்தொன்பதில் என் தொடர்புகள் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. நிலுவை ஒன்று.

கலையரசன் என் மேசைக்கு வந்தார். திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஒரே க்ளிக். ஐந்நூறும் ஆச்சு, நிலுவையும் பூஜ்யம். யாரு இந்த ஆஷ்லின்?”

“அவங்கதான் சார்.”

“எவங்க?”

“ஜூன்ல பதினாறு நாள்.”

“ஓ.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “ஆனா ப்ரொஃபைல் ஆக்டிவா இருக்குதே?”

“மூட முடியல சார். கேட்டுப் பாத்தேன்.”

அது உண்மை. இறந்தவரின் கணக்கை மூட, அவரோடு இணைப்பில் இருப்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும்’ என்ற கேள்விக்கு நான்கு விடைகள் இருந்தன. சக ஊழியர், மேலதிகாரி, வாடிக்கையாளர், சேவை வழங்குநர்.

“அப்போ நிராகரிச்சிடுங்க. நாளைக்குள்ள வேற ஆள் பிடிச்சிரலாம்.”

“வேணாம் சார்.”

“ஏத்துக்கவும் மாட்டீங்க, நிராகரிக்கவும் மாட்டீங்க. அப்படி ஒரு ஆப்ஷனே தளத்துல இல்லையே ஆண்ட்ரூஸ்.”

“அப்படியே இருக்கட்டும் சார்.”

விலக்குப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். நிலுவைக்கான காரணம்: அறிமுகமற்றவர், விற்பனையாளர், துறை பொருத்தமற்றவர். ஒன்றைத் தேர்வு செய்யவும். என் பெயரை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

“மே மாசம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும்” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

முப்பதாம் தேதி நிறைவுக் கூட்டம். அயோடின் கூடத்தில் திரை கட்டி ப்ரொஜெக்டர் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கமும் திரையில் வரும், எண்ணைப் படிப்பார்கள், கைதட்டல். அமுதவல்லி அக்கா ஐம்பத்தாறு. காவலாளி ஐந்நூற்று இருபது. சிவப்பிரகாசம் சார் ஐந்நூற்று ஒன்று. கடைசியில் என் மடிக்கணினியை இணைத்தார்கள். நான் முன்னால் போய் நின்றேன். ஆஷ்லின் பெயர் சுவர் அளவுக்குத் தெரிந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்.

“நம்ம ஆண்ட்ரூசுக்கு ஒரு சின்னத் தயக்கம்” என்றார் கலையரசன். “தயக்கம்தான் வளர்ச்சிக்கு எதிரி. ஒரு நல்ல கெமிஸ்ட்ட நான் இழக்க மாட்டேன். வாங்க, சேந்தே பண்ணிடலாம்.”

மவுஸின் மேல் இருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தார். எழுதத் தெரியாத குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல மென்மையாகத்தான் பிடித்தார். அழுத்தினார்.

திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. ‘வாழ்த்துகள்! 500!’ முன்வரிசை கைதட்டியது. காகிதங்கள் மறைந்ததும் குறிப்பு திறந்தது. சுவர் அளவு எழுத்து.

‘போனை லாக்கர்ல வச்சிட்டா நான் யார்கிட்ட சொல்றது? வீட்டுல உப்பு சுத்தமா இல்ல. நாலு நாளா சொல்றேன். உப்புக் கம்பெனிக்காரன் பொண்டாட்டி பக்கத்து வீட்டுல போய் உப்பு கேட்டா சிரிக்க மாட்டாங்க? வரும்போது மறக்காம எடுத்துட்டு வா.’

கைதட்டல் நின்றது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காதில் சொன்னார்கள். அது கூடத்தின் கடைசிவரை போய்ச் சேரும் சத்தம் எனக்குக் கேட்டது.

கலையரசன் மட்டும் திரைக்கு அருகில் போய் விரலால் காட்டினார்.

“இதத்தான் நான் ஆறு வாரமாச் சொல்றேன். பாருங்க. முதல் வரியில பிரச்சினை. ரெண்டாவது வரியில தேவை. கடைசியில ஆக்‌ஷன். வளவளன்னு ஒண்ணும் இல்ல. அதுவும் நம்ம ப்ராடக்ட் பேரு மூணு இடத்துல வருது. காசு குடுத்தாலும் இப்படி ஒரு விளம்பரம் கிடைக்காது. இதுக்குப் போய் பதினாலு மாசம் பதில் போடாம இருந்திருக்கார்.”

குறிப்பின் கீழே புதிய பெட்டி ஒன்று வந்தது. ‘ஆஷ்லினுக்கு வணக்கம் சொல்லுங்கள்.’ தளமே வாக்கியத்தையும் எழுதி வைத்திருந்தது. ‘உங்களோடு பணியாற்ற ஆவலாக இருக்கிறேன்.’

“அனுப்பிடலாமா?” என்று என்னைக் கேட்டார்.

அமுதவல்லி அக்கா எழுந்தார். புடவையில் ஒட்டியிருந்த சாக்குத் தூசியைத் தட்டினார். தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலை நோக்கி நடந்தார்.

அடுத்து இருவர் எழுந்தார்கள். பிறகு ஒரு வரிசை. யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. குனிந்த தலையோடு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

“ஹலோ, மீட்டிங் இன்னும் முடியல” என்றார் கலையரசன். “கை கோக்கணும். மீண்டும் சந்திப்போம் சொல்லணும். சொல்லாமப் போனா எப்படி? சிவப்பிரகாசம் சார், பாருங்க சார் இவங்கள!”

சிவப்பிரகாசம் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்தார். அவரும் போனார். பின்னாலேயே காவலாளி போனார்.

சாக்குகள் மட்டும் தரையில் கிடந்தன. கலையரசன் ஒரு கையைத் தூக்கியபடியே நின்றார். கோத்துக்கொள்ள ஆள் இல்லை.

“என்ன ஆச்சு இவங்களுக்கு?” என்றார். “நீங்களாவது சொல்லுங்க ஆண்ட்ரூஸ்.”

மேசையில் அன்றைய சாம்பிள் பாக்கெட் இருந்தது. ஒரு கிலோ. எடுத்துக்கொண்டேன்.

நானும் சொல்லிக்கொள்ளவில்லை.